மின்னல் ரதமா, பனிக்கரடியா?

"என் செட்டையே பந்தயமா வைக்கிறேன்!"

ராஜகணேஷ் இப்படிச் சொன்னதும் ஏழாம் வகுப்பே திரும்பிப் பார்த்தது. சாப்பாட்டு டப்பாக்களுக்குள் போன கைகள் அப்படியே நின்றன.

இசைவாணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ராஜகணேஷ் போன மாதம்தான் சிதம்பரத்திலிருந்து வந்து இந்தக் கடலூர்ப் பள்ளியில் சேர்ந்தான். அதிகம் பேச மாட்டான். அவன் அம்மா சிங்கப்பூரில் நர்ஸ். அங்கிருந்து அவர் அனுப்பிய கையடக்க கேம் செட்டை யாரும் தொடக்கூட விட மாட்டான். அதையா பந்தயத்தில் வைக்கிறான்?

சண்டையைத் தொடங்கியது அன்புமணி. அவன் வீட்டில் டிவியோடு இணைத்து ஆடும் பெரிய கேம் செட் இருந்தது. அதில் 'மின்னல் ரதம்' என்ற கார் பந்தயம் ஆடுவான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பாதி வகுப்பு அவன் வீட்டில்தான் இருக்கும். ராஜகணேஷ் ஆடுவதோ 'பனிக்கரடி'.

"கரடி சறுக்கி விளையாடுறதை எவன்டா வாங்குவான்?" என்று அன்புமணி சிரித்தான்.

"உலகம் பூரா வாங்குறாங்க. உன் காரை விட இதுதான் ஜாஸ்தி வித்திருக்கு" என்றான் ராஜகணேஷ்.

"பந்தயமா?" என்றான் அன்புமணி.

அதற்குத்தான் ராஜகணேஷ் தன் செட்டையே வைத்துவிட்டான். அன்புமணியும் விடவில்லை. "அப்போ என் டிவி செட்டை நானும் வைக்கிறேன்!"

இசைவாணியின் அம்மா அமராவதி மஞ்சக்குப்பத்தில் பிரவுசிங் சென்டர் நடத்திவந்தார். அதனால் கண்டுபிடிக்கும் வேலை இசைவாணியின் தலையில் விழுந்தது.

மாலையில் அவள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து தேடினாள். பக்கம் மெதுவாகத் திறந்தது. மின்னல் ரதம், நாலு கோடி. பனிக்கரடி, மூன்று கோடி.

இசைவாணி அந்த எண்களை மறுபடியும் படித்தாள்.

"ஏன்டி பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" என்று அம்மா கேட்டார்.

"ராஜகணேஷ் தோத்துட்டான்மா. அவுங்க அம்மா கொடுத்ததைக் கொடுக்கப் போறான். கரடிதான் ஜாஸ்தின்னு மாத்திச் சொல்லிடட்டுமா?"

"சொல்லு. நாளைக்கு அன்புமணியே இங்க வந்து அதே பக்கத்தைத் திறப்பான். அப்புறம் உன் கதி?"

இசைவாணி பெருமூச்சு விட்டாள். பக்கத்தை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினாள். அங்கே இருந்ததைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மதிய இடைவேளையில் வகுப்பே அவளைச் சுற்றி நின்றது.

"மின்னல் ரதம் நாலு கோடி. பனிக்கரடி மூணு கோடி" என்றாள்.

"ஹே!" என்று அன்புமணி பெஞ்சில் ஏறிக் குதித்தான்.

ராஜகணேஷின் முகம் வெளுத்தது. பையிலிருந்து கேம் செட்டை எடுத்தான். அதன் திரையைச் சட்டையில் ஒருமுறை துடைத்தான். அன்புமணியிடம் நீட்டினான். அழுவான், இல்லை சாக்கு சொல்வான் என்று நினைத்திருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். அன்புமணிக்கே கை நீளவில்லை.

"இருங்க, நான் இன்னும் முடிக்கல" என்று இசைவாணி கரும்பலகைக்குப் போனாள். ஒரே உயரத்தில் நாலு கட்டங்கள் வரைந்தாள். பக்கத்தில் அவற்றைப் போல மூன்று மடங்கு உயரமாக ஒன்று வரைந்தாள்.

"மின்னல் ரதம் நாலு கம்பெனி செட்டுலயும் ஓடுது. ஒவ்வொண்ணுலயும் ஒரு கோடி. பனிக்கரடி ஒரே ஒரு செட்டுலதான் ஓடும். அதுலயே மூணு கோடி!"

"என்னாது?" அன்புமணி பெஞ்சிலிருந்து இறங்கினான்.

"சிதம்பரத்துக்கு நாலு பஸ்சு போகுது. எல்லாத்துலயும் சேத்து நூறு பேரு. அஞ்சாவதா ஒரு பஸ்சு, அதுல மட்டும் எழுபத்தஞ்சு பேரு. எந்த பஸ்சுல கூட்டம் ஜாஸ்தி?"

"அஞ்சாவதுலதான்! படியில தொங்கணும்" என்றாள் மாலதி. எல்லோரும் சிரித்தார்கள்.

அன்புமணி தலையைச் சொறிந்தான். "அப்போ யாருதான் ஜெயிச்சது?"

"மொத்தமா பாத்தா நீ. ஒரே செட்டுன்னு பாத்தா அவன். ரெண்டு பேரும் ஜெயிச்சீங்க, ரெண்டு பேரும் தோத்தீங்க. அதனால ரெண்டு பேரும் செட்டைக் கொடுக்கணும். சனி, ஞாயிறு மட்டும். திங்கக்கிழமை திருப்பிக் கொடுத்துடணும்."

"என் செட்டைத் தூக்கிட்டுப் போனா எங்கப்பா கேப்பாரே!"

"அப்போ அவனை உங்க வீட்டுக்குக் கூப்பிடு."

அன்புமணி ராஜகணேஷைப் பார்த்தான். "வர்றியாடா?"

அந்தப் பள்ளிக்கு வந்ததிலிருந்து ராஜகணேஷை யாரும் வீட்டுக்கு அழைத்ததில்லை. "வரேன்" என்றான். கேம் செட்டை அன்புமணியின் கையில் வைத்தான். "கீழ போட்டுடாதடா."

திங்கட்கிழமை காலை அன்புமணி ஓடிவந்தான். கண்கள் விரிந்திருந்தன. செட்டை இரண்டு கைகளாலும் பத்திரமாகப் பிடித்திருந்தான்.

"டேய், ஸ்கோர்ல முதல் இடத்துல 'அம்மா'ன்னு இருக்கே, யாருடா அது?"

"எங்க அம்மாதான். எனக்கு அனுப்பறதுக்கு முன்னாடி ஆடிப் பாத்தாங்களாம்."

"ரெண்டு நாளா முட்டி மோதிட்டேன்டா! கட்டை விரலே வீங்கிப் போச்சு. பாதிகூட வரல!"

"நானே இன்னும் அவுங்கள முந்தல" என்றான் ராஜகணேஷ்.

நர்ஸ் அம்மாவா? வகுப்பே அந்த ஸ்கோரைப் பார்க்க முண்டியடித்தது. ராஜகணேஷ் வாய்விட்டுச் சிரித்தான். அவன் இப்படிச் சிரிப்பான் என்பதே அவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

"மச்சான், அவுங்க ஊருக்கு வந்தா எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வா. மின்னல் ரதத்துல ஒரு கை பாத்துடுறேன்!" என்றான் அன்புமணி.

"வேணாம்டா, அதுலயும் தோத்துடுவ" என்றாள் இசைவாணி.