வெள்ளைத்துணி இறக்காத வீடு

காலிச் சவப்பெட்டி பிற்பகலில் வந்து சேர்ந்தது. தச்சன் பிரௌலியோ அதைக் கழுதை வண்டியில் ஏற்றிவந்து, எங்கள் முன்கூடத்தில் இரண்டு நாற்காலிகளின் மேல் வைத்தான். புதுப் பலகையின் வாசனை வீடு முழுவதும் பரவியது.

"உள்ள என்ன வைக்கிறது, டொன் எவாரிஸ்தோ? வெறும் பெட்டின்னா தூக்குறப்போவே தெரிஞ்சிடும்."

"அவ துணிமணி. அப்புறம் செங்கல்."

"செங்கல்லா?"

"மூடி ஆணி அடி. கேள்வி வேண்டாம்."

அவன் ஆணி அடித்தான். ஒவ்வோர் அடிக்கும் பின்கட்டிலிருந்து டிலியாவின் விம்மல் கேட்டது. டிலியா என் தம்பியின் விதவை. இறந்தவள் அவள் மகள் யாமிலே, பதினேழு வயது. இறந்துவிட்டாள் என்று ஊருக்கு அறிவித்தவன் நான். அறிவித்தது சரி என்றே இன்றும் சொல்வேன்.

வானம் சாம்பல் பூத்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு வெயில் என்றால் என்னவென்று தெரியாது. வெயில் இருந்தவரை அக்கரையார், ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாழடைந்து கிடந்த சர்க்கரை ஆலையின் நிலவறைகளில் பதுங்கியிருந்தார்கள். வெயில் மங்கியதும் வெளியே வந்தார்கள். வந்தவர்கள் ஆண்டார்கள். மாதப் பிறப்பில் ஒவ்வொரு வீட்டாரும் படகுத்துறைக் கொட்டகைக்குப் போய், கையை நீட்டி ரத்தவரி கொடுக்க வேண்டும். அதன்பின் அவர்கள் நம் வாசற்படியைத் தாண்ட மாட்டார்கள். தாண்டவும் முடியாது. வீட்டுத் தலைவன் தன் வாயால் பெயர் சொல்லி அழைக்காத வீட்டுக்குள் அக்கரையார் காலெடுத்து வைக்க இயலாது. மனிதர்களிடம் மிஞ்சியிருந்தது அந்தப் படி ஒன்றுதான்.

கொட்டகையில் ரத்தக் குப்பிகளை அடுக்க அக்கரைப் பையன் ஒருவன் இருந்தான். பார்த்தால் யாமிலேயின் வயதுதான் இருக்கும். எல்லார் கையிலும் ஊசி இறங்குவதைக் கண் கொட்டாமல் பார்ப்பவன், யாமிலேயின் முறை வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வானாம்.

"என் ரத்தம் அவ்வளவு அசிங்கமா?" என்று இவள் கேட்டாளாம்.

"பசிக்குது. அது உனக்குத் தெரிய வேண்டாம்னு பார்த்தேன்" என்றானாம் அவன்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு இவள் துணி துவைக்க ஆற்றுக்குப் போனால் திரும்பி வர மாலையாகும். அக்கரையிலிருந்து ஒரு சீழ்க்கை வரும். இவள் பதில் கொடுப்பாள். அதை அக்கம்பக்கம் கேட்டது. நானும் கேட்டேன்.

வரி கொடுப்பவளைத் தொட்ட அக்கரையானை அவர்களே எரித்துவிடுவார்கள். அவனோடு பழகியவளின் வீட்டாரை மொத்தமாகப் படகேற்றுவார்கள். படகேறியவர்கள் எவரும் திரும்பியதில்லை. ஒரு விடியலில் யாமிலேயின் கட்டில் காலியாக இருந்தது. அவள் செருப்பு ஆற்றங்கரையில் கிடந்தது. வெளிச்சம் பரவுமுன் நான் தேவாலயத்து வாசலில் நின்று, பெண் ஆற்றில் மூழ்கிவிட்டாள், உடல் கிடைத்துவிட்டது என்று சொன்னேன். செத்தவளின் வீட்டாரைச் சட்டம் தொடாது. அர்ரியேத்தா என்ற எங்கள் குடும்பப் பெயரிலும் சேறு படாது.

சாவு வீட்டுக்கு எங்கள் பக்கத்தில் ஒன்பது இரவு. சுவரில் வெள்ளைத்துணி கட்டி, நடுவில் கறுப்பு முடிச்சு வைப்போம். கீழே மெழுகுவத்தி, இறந்தவர் வந்து குடிக்க ஒரு குவளைத் தண்ணீர். அந்தி சாய்ந்ததும் வீட்டுத் தலைவன் வாசலில் நின்று பெயர் சொல்லி ஆவியை அழைக்க வேண்டும். கடைசி விடியலில் துணியை இறக்கி, "போ" என்று அவனே அனுப்ப வேண்டும். அதுவரை பெட்டி வீட்டிலேயே இருக்கும், கதவு அடைக்கலாகாது. வந்தவரை விரட்டலாகாது, வந்தவரும் தாமாகப் போக முடியாது. தலைவன் படி தாண்டலாகாது. திரும்பி வரும் ஆவியை யாரும் ஏறிட்டுப் பார்க்கவும் கூடாது.

"கூப்பிடாதீங்க, அத்தான்" என்றாள் டிலியா. "செத்தவங்களைத்தான் கூப்பிடணும்."

"ஊருக்கு அவ செத்தவதான்."

"ஊருக்குச் சரி. அவளுக்கு?"

அழைக்காவிட்டால் வந்திருந்தவர்கள் என்ன நினைப்பார்கள்? முறை தெரியாத வீடு என்பார்கள். பொய்ச்சாவு என்றும் சொல்வார்கள். நான் வாசலில் நின்று, தெருக்கோடிவரை கேட்கும்படி அழைத்தேன்.

"யாமிலே அர்ரியேத்தா! இது உன் வீடு. உள்ளே வா."

முதல் இரண்டு மாலைகளும் குறையின்றி நடந்தன. ஜெபக்காரி பெத்ரோனா ஜெபமாலை உருட்டினாள். முற்றத்தில் டொமினோ ஆட்டம் நடந்தது, இஞ்சிக் காப்பி சுற்றி வந்தது. சாவு வீட்டில் சிரிக்க வைப்பதற்கென்றே பிறந்தவன் பக்கத்து வீட்டுத் துலியோ.

"நேத்து எங்க வாசல்ல ஒரு அக்கரையான்" என்று தொடங்கினான். "என் பொண்டாட்டி சொல்றா, 'வாங்கய்யா, என் புருஷன் உள்ளதான் தூங்குறார். ஆனா முன்னாடியே சொல்லிடுறேன், அவர் உடம்புல ரத்தம் கிடையாது, எல்லாம் சாராயம்.' அவன் என்ன சொன்னான் தெரியுமா? 'அப்போ ஒரு எலுமிச்சம்பழம் குடும்மா'ன்னான்!"

மேசையே குலுங்கச் சிரித்தார்கள். நானும் மீசைக்குள் சிரித்தேன்.

அதற்கடுத்த மாலையும் அழைத்தேன். குரல் தெருவில் போய் அடங்கியது. கரும்புக்காட்டுப் புகை தாழ்வாக இறங்கி, எதிர் வீட்டுச் சுவரை விழுங்கியிருந்தது. திரும்பி வந்து என் நாற்காலியில் அமர்ந்தேன். அப்போது மேசைக்கடியில் படுத்திருந்த நாய்கள் எழுந்தன. குரைக்கவில்லை. வாலை இடுக்கிக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாகப் பின்வாசல் வழியே போய்விட்டன.

ஆற்றுச்சேற்றின் வாடை வந்தது. அதற்குள் வேறொரு வாடை, துருப்பிடித்த இரும்பைப் போல.

டொமினோ காய்களின் சத்தம் நின்றது.

வாசலில் யாமிலே நின்றாள்.

பாவாடை ஓரம் நனைந்து சொட்டியது. முகத்தில் நிறமே இல்லை. கழுத்தில் கறுப்பு நாடா இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"கூப்பிட்டீங்களே, பெரியப்பா" என்றாள் மெதுவாக. "அந்தக் கரை வரைக்கும் கேட்டுது."

அத்தனை தலைகளும் ஒன்றாகக் கவிழ்ந்தன. துலியோ கைக்குக் கிடைத்த காயை எடுத்து வைத்தான். அது பொருந்தாத காய். யாரும் தவறு என்று சொல்லவில்லை. பெத்ரோனா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஜெபத்தை இன்னும் வேகமாகச் சொன்னாள்.

யாமிலே படியைப் பார்த்தாள். வெறுங்காலை எடுத்து உள்ளே வைத்தாள்.

எதுவும் அவளைத் தடுக்கவில்லை. நான்தான் அழைத்திருந்தேனே.

"யாமிலே உயிரோடு இருக்கிறாள், அக்கரையாளாகிவிட்டாள்" என்று அந்தக் கணம் நான் கத்தியிருந்தால், விடிவதற்குள் டிலியாவும் நானும் படகில் இருந்திருப்போம். கத்தாவிட்டால் அவள் இறந்தவள். இறந்தவளைக் கடைசி விடியலுக்கு முன் வெளியேற்ற முறை இல்லை. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.

அவள் சவப்பெட்டியின் அருகில் வந்து மூடியைத் தட்டிப் பார்த்தாள்.

"உள்ள என்ன?"

"செங்கல்" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"அவ்வளவு கனமாவா இருந்தேன் உங்களுக்கு?" என்று சிரித்தாள். சிறுமியின் சிரிப்பு. ஆனால் அவள் மார்பு ஏறி இறங்கவில்லை.

பிறகு வாசலைத் திரும்பிப் பார்த்தாள். படிக்கு வெளியே, புகைக்குள், அந்தப் பையன் நின்றிருந்தான். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்திருந்தான்.

"அவனையும் கூப்பிடுங்க, பெரியப்பா."

"அவன் பேர் எனக்குத் தெரியாது."

"நான் சொல்றேன், அவன் பேரு…"

"சொல்லாதே!"

அவள் என் காலடியில் மண்டியிட்டுக் கிசுகிசுத்தாள். "அவங்க ஆளுங்க அவனைத் தேடுறாங்க. நான் கேட்டுத்தான் என்னை மாத்தினான். அதுக்காக அவனை எரிச்சுடுவாங்க. கூப்பிடாத வீட்டுக்குள்ள அவங்களாலயும் வர முடியாது. இந்தப் படிக்கு உள்ள வந்துட்டா அவன் பிழைச்சான். வேற எங்கேயும் பிழைக்க வழியில்லை."

"குலம் கோத்திரம் தெரியாதவனை என் வாயால் இந்த வீட்டுக்குள் அழைக்க மாட்டேன்."

அதன்பின் ஒவ்வொரு மாலையும் அவர்கள் படிக்கு இருபுறமும் உட்கார்ந்தார்கள். அவள் உள்ளே, அவன் வெளியே. நிலைப்படியின் மேல் இருவர் கைகளும் கோத்துக் கிடந்தன. ஏதேதோ பேசிச் சிரித்தார்கள். ஒருமுறை அவன் மூச்சில்லாமல் சீழ்க்கையடிக்கக் கற்றுக் கொடுத்தான். அவளுக்கு அது வரவில்லை. இருவரும் அதற்கும் சிரித்தார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் அவர்கள்மேல் படாமல் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு, கண்ணைத் தாழ்த்தியபடி கடந்து போனார்கள்.

பகலில் அவள் சமையலறை மூலையில் கிடப்பாள். டிலியா புழுக்கத்திலும் நீளக்கை ரவிக்கை போடத் தொடங்கினாள். காப்பி ஊற்றும்போது ஒருநாள் துணி விலகி, பல் தடம் தெரிந்தது.

"இது என்ன?"

"பசிக்குதுன்னா, அத்தான்." டிலியா கையை இழுத்து மூடினாள். "பெத்தவ நான் என்ன செய்யட்டும்?"

கதவு திறந்தே இருந்தது. தெரு எதிரே கிடந்தது. என்னால் இறங்க முடியாது. துணி இறங்கும்வரை தலைவன் படி தாண்டக் கூடாது. திறந்த கதவுக்குள் இப்படி அடைபட்டுக் கிடக்க முடியும் என்று அதற்குமுன் நான் அறிந்ததில்லை.

கடைசி விடியல் வந்தது. சாம்பல் வெளிச்சத்தில் ஆற்றிலிருந்து துடுப்புச் சத்தம் கேட்டது. பிறகு தெருமுனையில் கறுப்புக் குடைகள் தெரிந்தன. அக்கரையின் ஏவலாட்கள். அவசரமின்றி நடந்து வந்தார்கள். பையன் ஓடவில்லை. ஓட இடமில்லை. படியோடு ஒட்டி நின்று, உள்ளிருந்து நீண்டிருந்த யாமிலேயின் கையைப் பிடித்துக்கொண்டான்.

பெத்ரோனா வெள்ளைத்துணியின் நுனியை என் கையில் கொடுத்தாள். "சொல்லுங்க, டொன் எவாரிஸ்தோ. 'போ'ன்னு சொல்லுங்க. முடிச்சிடலாம்."

முற்றம் முழுவதும் என் வாயைப் பார்த்தது.

"போகச் சொல்லுங்க, அவனோடயே போயிடுறேன்" என்றாள் யாமிலே. "இல்லேன்னா அவனை உள்ள கூப்பிடுங்க. ரெண்டுல ஒண்ணு. ஒரே ஒரு பேர், பெரியப்பா."

போ என்றால், என் தம்பியின் ரத்தம் என் வாசலிலேயே, ஊர் பார்க்க எரியும். வா என்றால், அர்ரியேத்தா வீட்டில் ஒரு குப்பிக்காரன் மருமகனாக உட்கார்வான். நான் இரண்டையும் சொல்லவில்லை. துணியின் நுனியைக் கையிலிருந்து விட்டுவிட்டேன். அது மீண்டும் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டது.

குடைகள் அவனைச் சூழ்ந்தன.

அவன் கத்தவில்லை.

எண்ணெய் வாடை எழுந்தது. ஒரு நொடி, அந்தத் தெருவில் பழைய காலத்து வெயிலைப் போல் ஒரு வெளிச்சம். யாமிலே பிடியை விடவே இல்லை. வெளிச்சம் அடங்கியபோது அவள் விரல்களுக்கிடையில் சாம்பல் மட்டும் இருந்தது. அதை மெல்ல மூடிக்கொண்டாள்.

ஏவலாட்கள் படிவரை வந்து அவளைப் பார்த்தார்கள். தாண்ட முடியவில்லை. போய்விட்டார்கள். துக்கத்துக்கு வந்தவர்களும் போய்விட்டார்கள். காப்பிக் கோப்பைகள் பாதி குடித்தபடியே கிடந்தன. பிறகு எவரும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

வெள்ளைத்துணி இன்னும் தொங்குகிறது. மஞ்சளாகிவிட்டது. கதவு திறந்தே இருக்கிறது. நான் படி தாண்டவில்லை. வீட்டின் பெயருக்கு இன்றுவரை பழுதில்லை.

யாமிலே என்னிடம் கோபப்படவில்லை. அழவும் இல்லை. எனக்குக் காப்பி கொண்டுவந்து தருகிறாள். பிற்பகலில் நான் நாற்காலியில் கண்ணயர்ந்தால் என் தலைமாட்டில் உட்கார்ந்துகொள்கிறாள். விழிக்கும்போது என் இடது காது பனிக்கட்டியாகச் சில்லிட்டிருக்கிறது.

"என்ன பண்றே?" என்று கேட்டேன் ஒருநாள்.

"ஒண்ணுமில்ல, பெரியப்பா. ஒரு பேரை உங்களுக்குப் பழக்கப்படுத்துறேன்."

சில வாரங்களாக, காலையில் படிக்கு வெளியே ஈரக் காலடிகள் தென்படுகின்றன. விரல்கள் வீட்டை நோக்கி இருக்கும். டிலியா துடைத்துவிடுவாள். மறுநாள் மீண்டும் இருக்கும்.

நேற்று பிற்பகல் நான் விழித்தபோது டிலியா எதிரே நின்றிருந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"தூக்கத்துல பேசினீங்க, அத்தான்."

"என்ன பேசினேன்?"

"யாரையோ கூப்பிட்டீங்க. மரியாதையா, விருந்தாளியைக் கூப்பிடுற மாதிரி. உள்ள வாங்க, உக்காருங்கன்னு."

"என்ன பேர் சொன்னேன்?"

"என்னைக் கேக்காதீங்க" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

இன்று காலை படிக்கு வெளியே தடம் எதுவும் இல்லை. உள்ளே இருந்தது. முன்கூடத்துத் தரையில் ஒவ்வொன்றாக நடந்து, என் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு, சமையலறைக்குள் போயிருந்தது.

இப்போது அங்கே யாரோ இருவர் தாழ்ந்த குரலில் பேசிச் சிரிக்கிறார்கள்.

டிலியா என் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.