டெஸ்ஸியின் இடப்பக்கம்

ஹோபர்ட் மாமா வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தூறல் நிற்கவில்லை. மலைச்சரிவு முழுக்க மூடுபனி. வீட்டுக்குள் அடுப்புப் புகையும் ஈர விறகும் மணத்தன. அவர் மனைவி வெர்னா இறந்த பிறகு அந்த வீட்டில் யாரும் பிடில் வாசித்ததில்லை.

என் மனைவி டெஸ்ஸிக்கு நல்ல பிடில் ஒன்று வேண்டும். மலைப்பாட்டுகளை அவள் கற்கத் தொடங்கி ஒரு குளிர்காலம்தான் ஆகிறது. தபாலில் வரவழைத்த மலிவுப் பிடிலில் தந்தியை இறுக்கும் முறுக்காணி நிற்காது. வாசித்தால் வாலை மிதித்த பூனை போலக் கத்தும். அவள் வாசிக்க, நான் இடப்பக்கம் ஒட்டி நின்று, இரண்டு துடைப்பக் குச்சிகளால் தந்திகளின் மேல் தாளம் தட்டுவேன். எங்கள் பக்கத்து வழக்கம் அது. எனக்குத் தாளம் ஒரு சாக்கு. மாலை முழுக்க அவள் தோளோடு தோள் உரச நிற்கலாம், அதற்காகத்தான்.

மாமா கட்டிலில் இரண்டு பிடில்களை வைத்தார். ஒன்று சிவப்பாகப் பளபளத்தது. மற்றொன்று கறுத்து, விளிம்பு தேய்ந்து கிடந்தது.

"கண்ணால பாத்து வாங்காதம்மா, ஏமாந்துடுவ. ஒரே பாட்ட ரெண்டுலயும் வாசி. தம்பி, நீ சமையலறைல போய் செவுத்தப் பாத்து நில்லு. எது நல்லாருக்குன்னு காது சொல்லட்டும்."

போய் நின்றேன். முதல் பிடில் கீச்சென்று ஒலித்தது. இரண்டாவதில் டெஸ்ஸியின் தவறுகள்கூட இனித்தன.

அதனடியில் ஒரு தாளம்.

டிக்... டிக்கிட டிக்...

என்னைவிடச் சுத்தமான தட்டு. எனக்கு வயிறு எரிந்தது. இந்தக் கிழவர் என் இடத்தில் நிற்கிறார், அவர் தாடி என் மனைவியின் தோளில் படுகிறது!

பாட்டு முடியும் முன்பே அறைக்குள் பாய்ந்தேன். டெஸ்ஸி தனியாக நின்றாள். விறகை மார்போடு அணைத்தபடி மாமா வாசல் வழியாக உள்ளே வந்தார். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நல்லா தட்டறீங்க மாமா," என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நான் எங்கடா தட்டினேன்? விறகெடுக்கப் போயிருந்தேன்."

அவர் முகம் மாறியது. "பிடிலுக்குள்ள கிலுகிலுப்பைப் பாம்போட வால் போட்டு வச்சிருக்கேன். எலி வராம இருக்க. அதுதான் ஆடியிருக்கும்," என்றார்.

"எனக்கு இதுதான் வேணும்," என்று டெஸ்ஸி கறுத்ததை அணைத்துக்கொண்டாள்.

"செவப்பு நல்லாருக்கு," என்றேன்.

"பொறாமையா? எழுபது வயசுக் கெழவர் மேலயா?" என்று சிரித்தாள்.

அன்று மாலை எங்கள் வீட்டில் பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு அவள் அந்தக் கறுத்த பிடிலை எடுத்தாள். நான் குச்சிகளோடு இடப்பக்கம் போய் நின்றேன்.

ஒரு தட்டுத்தான் தட்டினேன்.

விரல் முட்டியில் சுரீர் என்றது.

மெல்லிய சிவப்புக் கோடு. குச்சியால் அடித்த தடம். பக்கத்தில் இனிப்பான மூக்குப்பொடி வாசனை. எங்கள் வீட்டில் யாரும் பொடி போடுவதில்லை.

"டெஸ்ஸி, நிறுத்து."

அவள் நிறுத்தவில்லை. கண்ணை மூடியபடி, தேவாலய பெஞ்சில் ஒருவருக்கு இடம் கொடுப்பதுபோல வலப்பக்கம் சற்று நகர்ந்தாள்.

"தள்ளி நில்லு ஆர்லிஸ். அவங்களுக்கு இடிக்குது."

மறுநாளே பிடிலைத் திருப்பிக் கொண்டுபோனேன். டெஸ்ஸி மறுப்பே சொல்லாமல் கூட வந்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மாமா வாசலுக்கே வந்துவிட்டார். பிடிலைப் பிடுங்கி, தோளில் வைத்து, மடங்காத விரல்களால் அதே பாட்டை வாசித்தார். காத்திருந்தோம். தாளம் வரவில்லை. மறுபடி வாசித்தார்.

"நாப்பது வருஷம்டி வெர்னா," என்றார், தன் இடப்பக்க வெற்றிடத்தைப் பார்த்து. "நான் வாசிக்க, நீ தட்ட... செத்தப்புறம் எனக்கு ஒரு தட்டுகூடத் தட்டலியே."

பிறகு டெஸ்ஸியைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நான் அவர் சமையலறையில் சுவரைப் பார்த்து நின்றபோது என்னிடம் இருந்த பார்வை.

"வெர்னாவ விட்டுட்டுப் போம்மா," என்றார்.

டெஸ்ஸி பிடிலை அவர் கையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பாதையின் வலது ஓரமாகவே நடந்தாள்.

வந்ததும் பழைய மலிவுப் பிடிலை எடுத்தாள். முறுக்காணி நழுவியது. வில் பட்டதும் பூனை கத்தியது. அந்தக் கத்தல் அவ்வளவு நிம்மதியாக எனக்கு என்றைக்கும் கேட்டதில்லை. என் மனைவி திரும்பி வந்துவிட்டாள். சுவரிடுக்கில் செருகியிருந்த என் குச்சிகளை எடுக்கத் திரும்பினேன்.

காணவில்லை.

மூக்குப்பொடி மணத்தது.

"ஆர்லிஸ்," என்றாள் டெஸ்ஸி, அன்பாகத்தான். "கொஞ்சம் சமையலறைல போய் நில்லேன்."

போய் நின்றேன், சுவரைப் பார்த்து. தாளம் தொடங்கியது. நான் ஏதாவது காதில் சொன்னால் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பைச் சிரித்தாள் டெஸ்ஸி.