கோணல் தையல்

முந்தின நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுத் தைத்து முடித்த ஒரு வரிசை, விடிந்து பார்த்தபோது தைக்காத வரிசையாகக் கிடந்தது.

ஜமால்தீன் முதலில் தன்னைத்தான் சந்தேகித்தார். வேறு யாரைச் சந்தேகிப்பது, வீட்டில் இருப்பது அவர் ஒருவர்தானே. குடலிறக்கத்துக்கு ஒப்பரேஷன் செய்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சில நாள்தான் ஆகிறது. மயக்க ஊசி போட்ட டொக்டர் கொஞ்சம் மயக்கத்தை உள்ளேயே மறந்து வைத்துவிட்டாரோ என்று எண்ணிக்கொண்டு, போர்வையை ஜன்னலருகே தூக்கிப்போய்ப் பார்த்தார். அலவத்துகொடையில் மழைக்காலத்துக் காலை வெளிச்சம், கழுவின அரிசித் தண்ணீர் மாதிரி இருக்கும். அந்த வெளிச்சத்தில் நீலத் துண்டும் மஞ்சள் பூப்போட்ட துண்டும் அறிமுகமில்லாத பயணிகளைப்போல ஒட்டியும் ஒட்டாமலும் கிடந்தன. ஓரத்தில் ஊசித் துளைகள் வரிசையாக இருந்தன. நூல் மட்டும் இல்லை. அறுந்த நூல் ஒன்றுகூட மேசையில் இல்லை, தரையில் இல்லை, கைமெசினின் பல்லுக்குள்ளும் இல்லை.

அது அவருடைய மனைவி பஸ்லினா தொடங்கிய துண்டுப் போர்வை. மகள் ஸனாவுக்கு எப்போதாவது பிள்ளை பிறக்கும், கண்டிக் குளிருக்குப் போர்த்த வேண்டும் என்று, பல்லேகலை ஆடைத் தொழிற்சாலையிலிருந்து அவர் வருசக்கணக்காய்க் கொண்டுவந்த கட்பீஸ்களைச் சேர்த்துச் சேர்த்துத் தைத்தாள். பாதி முடிந்தபோது அவள் மௌத்தாகி மண்ணுக்குள் போனாள். இப்போது ஸனாவின் வயிற்றில் பிள்ளை இருக்கிறது. மீதிப் பாதியை ஜமால்தீன் ஏற்றுக்கொண்டார்.

ஏற்றுக்கொண்டதைக் கேட்டு ஊர் சிரித்தது, நியாயமான சிரிப்புத்தான். தொழிற்சாலையில் அவர் மெசின் மெக்கானிக். ஓடாத எந்த மெசினையும் ஓட வைப்பார். ஓடுகிற மெசினில் நேராக ஒரு கோடு தைக்க மட்டும் அவருக்கு வராது. அவர் எதையாவது தைத்தால் பஸ்லினா மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்ப்பாள். பிறகு ஊசிமுனையால் ஒவ்வொரு தையலாய்ப் பிரித்து, பிரித்த நூலை ஒரு மரக்கட்டையில் சுற்றி வைப்பாள். "நூல் என்ன மரத்துலயா காய்க்குது?" என்பாள்.

"இன்னும் எத்தன வரிசை ஈக்குது வாப்பா?" ஸனா கெலிஓயாவிலிருந்து தினமும் போனில் கேட்டாள். "போர்வை முடிஞ்சா எங்களோட வந்து ஈக்கிறன்னு சொன்னீங்க. தையல் போட்ட வயித்தோட தனிய ஈக்கிறது சரியா?"

"முடியும் மகள், முடியும். ஒங்கட பிள்ளை போர்வை கேட்டு அழுதா அனுப்புறேன்."

"பிள்ளை காலேஜுக்குப் போற நேரம் முடிப்பீங்க போல."

சிரித்துக்கொண்டே போனை வைத்தார். வைத்ததும் வீட்டின் அமைதி, காத்திருந்த ஆள்போல எழுந்து வந்து பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தது. இந்த வீட்டை விட்டுப் போவதென்றால் பஸ்லினாவை இரண்டாம் தடவை அடக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போவது மாதிரி. அதை மகளிடம் சொல்ல முடியாது. போர்வை முடியவில்லை என்று மட்டும் சொல்லலாம்.

அப்போதுதான் அதைக் கண்டார். மெசினுக்குப் பின்னால் வெறுமனே கிடந்த பஸ்லினாவின் மரக்கட்டையில் நூல் சுற்றியிருந்தது. வெள்ளை நூல், புதிது, முந்தின நாள் அவர் தைத்த அதே நூல். மயிரிழை பிசகாமல் நெருக்கி நெருக்கிச் சுற்றியிருந்தது.

கதிரையை இழுத்து உட்கார்ந்தார். வெளியே கித்துள் மர ஓலைகளிலிருந்து மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது. நெஞ்சு அடித்த அடி, வயிற்றுத் தையல் வரைக்கும் கேட்டது. பயந்துதான் போனார். ஆனால் பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. நெடுநாள் பூட்டிக்கிடந்த அறையில் யாரோ விளக்குப் போட்டதுபோல.

"என்ன பஸ்லினா," என்றார் மெதுவாக, "மௌத்தாகியும் என்ட தையல் புடிக்கல்லயா?"

பள்ளிவாசல் ஹஸரத்திடம் இதைச் சொன்னால் ஓதிப் பார்க்க ஆள் அனுப்புவார். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. அன்று பின்னேரம் உட்கார்ந்து, பிரிந்த வரிசையைத் திரும்பத் தைத்தார். இம்முறை வேண்டுமென்றே கோணலாக. குடித்துவிட்டு வீடு திரும்புபவனின் நடைபோல ஒரு கோடு. பஸ்லினாவால் பொறுக்கவே முடியாத கோடு.

மறுநாள் அது பிரிந்திருந்தது. மரக்கட்டை ஒரு சுற்றுப் பருத்திருந்தது.

அதன் பிறகு அவருடைய நாட்களுக்கு ஒரு வேலை வந்தது. பகலில் கோணலாகத் தைப்பார். தைத்ததை மேசையில் விட்டுவிட்டு, பக்கத்துக் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்துக்கொள்வார், தூங்குவதுபோல் நடிக்கிற சின்னப் பிள்ளை மாதிரி. மழை தகரத்தில் விழுகிற சத்தத்துக்கு நடுவே, கவனித்துக் கேட்டால், அது தொடங்கும். டிக். நூல் ஒன்று துளையை விட்டு வெளியே வரும் சத்தம், நகத்தால் நகத்தைத் தட்டுவது போன்ற சத்தம். கொஞ்சம் இடைவெளி. டிக். கண்ணைத் திறக்கமாட்டார். திறந்தால் போய்விடுவாளோ என்ற பயம். மூடிய கண்ணோடு தொழிற்சாலைக் கதைகளை எடுத்துவிடுவார், சுப்பர்வைசரின் தலைமுடிக் கதை, பழைய மெசினுக்குள் எலி குட்டி போட்ட கதை. பதில் வராது. உயிரோடு இருந்தபோதும் அவள் இந்தக் கதைகளுக்குப் பதில் சொன்னதில்லை என்பதால் அது அவருக்கு வித்தியாசமாகப் படவில்லை.

அறையில் ஒரு வாசனையும் இருந்தது. ஈர மண்ணும் கற்பூரமும் கலந்த வாசனை. மண் மழையால், கற்பூரம் அலுமாரியிலிருக்கும் பூச்சியுருண்டையால் என்று கணக்குத் தீர்த்துக்கொண்டார்.

அவரை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுக் கைரியா சோறு கொண்டுவந்தபோது வாசலிலேயே நின்றாள்.

"என்ன நானா, உள்ளுக்கு யாரோட கதை?"

"மெசினோட."

"அது பதில் சொல்லுதா?"

"ஒங்கட மாப்பிள்ளைய விட நல்லாச் சொல்லுது."

"அந்த மனுசன விட எங்கட ஆட்டுக்கல்லும் நல்லாத்தான் பேசும்." சிரித்தவள் ஒரு காலை உள்ளே வைத்தாள், பிறகு எடுத்துக்கொண்டாள். மூக்கைச் சுருக்கினாள். "நானா, என்ன இது, மௌத்து வீட்டுல மையத்துக் குளிப்பாட்டின மாதிரி மணக்குது?"

"பூச்சியுருண்டை."

"ஜன்னலத் தொறங்க." சோற்றுப் பையை நீட்டினாள். அவர் வாங்கிய அதே நொடியில் பையின் இரண்டு காதுகளும் கழன்று, பை தரையில் விழுந்தது. பீங்கான் உடைந்தது. "புதுப் பையில்லயா!" என்று கைரியா குனிந்தாள். காது இருந்த இடத்தில் துளைகள் மட்டும் வரிசையாக இருந்தன. அவள் அவசரமாகப் போய்விட்டாள். வேறு சோறு அனுப்புவதாகச் சொன்னாள், அனுப்பவில்லை.

அன்று பின்னேரம் மழை கனத்தது. கரண்ட் போனது. ஜமால்தீன் போர்வையை மடியில் விரித்து, அடுத்த கோணலை எங்கே போடலாம் என்று விரலால் தடவிக்கொண்டே போனார். அவருடைய பாதி முழுக்கத் தனித்தனித் துண்டுகள். அது தெரிந்ததே. விரல் நகர்ந்தது. பஸ்லினாவின் பாதிக்கு வந்தது.

அங்கேயும் துண்டுகள் விலகின.

கையில் தூக்கினார். வருசக்கணக்காக அவள் கையால் தைத்த பொடித் தையல், எறும்பு வரிசை போன்ற அந்தத் தையல், எங்கும் இல்லை. துண்டுகள் ஒவ்வொன்றாய் மடியிலிருந்து வழுக்கி விழுந்தன. நீலம். பச்சைக் கட்டம். ஸனாவின் பள்ளிக்கூட வெள்ளை.

அவள் தன் தையலைப் பிரிக்கமாட்டாள்.

ஒருநாளும் பிரித்ததில்லை. பிரிக்க வேண்டிய மாதிரி அவள் தைத்ததே இல்லை.

அப்படியென்றால் இத்தனை நாளும் கண்ணை மூடிக்கொண்டு யாருக்குக் கதை சொன்னார்?

டிக்.

மேசைப் பக்கத்திலிருந்து வரவில்லை. ஜன்னல் பக்கம். திரைச்சீலையின் மடிப்பு அவிழ்ந்து, துணி ஒரு சாண் கீழே இறங்கியது. டிக், டிக். தலையணை உறையின் ஓரம் வாய் திறந்தது. கட்டிலில் மெத்தையின் பக்கம் மெல்லப் பிளந்து, பஞ்சு வெளியே எட்டிப் பார்த்தது.

எழுந்தார். வயிறு இழுத்தது. கைரியா வீட்டுக்குப் போய்விடலாம், முற்றத்தைக் கடந்தால் போதும். கதவு மூலையிலிருந்த குடையை எடுத்து விரித்தார். கம்பிகள் மட்டும் விரிந்தன. துணி கறுப்பு வௌவாலைப்போல அவர் காலடியில் விழுந்தது. சப்பாத்துக்குள் காலை நுழைத்தார். அடித்தோல் நாக்கைத் தொங்கவிட்டது.

மழையில் நனைந்தாலென்ன, போ என்றது மனம். கால் போகவில்லை. ஏனென்றால் சத்தம் இப்போது அவர்மேல் வந்திருந்தது.

டிக். சட்டைத் தோள். டிக். மற்றத் தோள். சட்டைக் கைகள் இரண்டும் கழன்று மணிக்கட்டு வரை வழிந்து இறங்கின. தொப்பி நெற்றியில் இரண்டாய்ப் பிரிந்தது. இடுப்பில் சாரத்தின் மூட்டு, மேலிருந்து கீழாக, அவசரமே இல்லாமல், ஒவ்வொரு தையலாக விட்டது. சாரம் வெறும் துணியாகி உடம்பைச் சுற்றிக்கொண்டது.

புதுச் சாரத்தை மூட்டாமல் இடுப்பில் சுற்றினால் பஸ்லினா கத்துவாள். "கழட்டுங்க அத! தையல் இல்லாத துணி மையத்துக்குத்தான்."

போனை எடுத்தார். ஸனாவின் எண்ணை அழுத்தினார்.

"வாப்பா?"

"மகள். வந்து கூட்டிட்டுப் போங்க. இப்பவே."

ஸனா ஏன் என்று கேட்கவில்லை. அவர் வாயிலிருந்து வராதா என்று இத்தனை நாளும் அவள் காத்திருந்த வார்த்தை அது. "ருஷ்தி, வேன் சாவிய எடுங்க!" என்று புருசனைக் கூப்பிட்டுவிட்டுப் போனுக்குத் திரும்பினாள். "வாப்பா, வெச்சிராதீங்க. பேசிட்டே ஈங்க. போர்வை முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சிட்டுது மகள்."

போனின் டோர்ச்சைப் போட்டுக்கொண்டு கதிரையில் சாய்ந்தார். கெலிஓயாவிலிருந்து கண்டி, கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைப் பாலம், பிறகு இந்த மலை. மழைக்கு எங்கும் வாகனம் நிற்கும். ஆனால் வருவார்கள். வேன் சத்தம் போனுக்குள் கேட்டது. நல்ல சத்தம். ருஷ்தி யாரையோ பார்த்து ஹோர்ன் அடித்தான்.

டிக் சத்தம் நின்றிருந்தது.

டோர்ச்சைச் சுற்றிலும் அடித்துப் பார்த்தார். திரை, மெத்தை, தலையணை, சட்டை, சாரம், போர்வை. எல்லாம் துண்டு. இனி வீட்டில் பிரிப்பதற்கு ஒரு தையலும் இல்லை. மூச்சு மெல்லத் திரும்பியது. அவருக்குச் சிரிப்புக்கூட வந்தது. வேலை முடிந்துவிட்டது, போய்விடும், வேறு என்ன இருக்கிறது இங்கே.

ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து மாற்றிய தாதியிடம் அவர் ஒரு பகிடி விட்டிருந்தார். தலையை நிமிர்த்தி வயிற்றைப் பார்த்துவிட்டுச் சொன்னது. "மகள், டொக்டர் கோணலாத் தைச்சீக்கிறாரே. என்ட பொண்டாட்டி உயிரோட ஈந்திருந்தா பிரிச்சிட்டுத் திரும்பத் தைச்சிருப்பா." வார்டே சிரித்தது.

கற்பூர வாசனை முகத்துக்குக் கிட்ட வந்தது. ஒரு ஆள் குனிகிற அளவு கிட்ட.

டிக்.

நோகவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. கைக்குழந்தை விரலைப் பிடித்து இழுக்கிற மாதிரி, அடிவயிற்றில் மெல்லிய ஒரு இழுப்பு. பிறகு சூடு.

"வாப்பா, பாலத்தத் தாண்டிட்டோம். கேக்குதா? வாப்பா, அது என்ன சத்தம்?"

டோர்ச் வெளிச்சம் மேசைமேல் விழுந்திருந்தது. அங்கே பஸ்லினாவின் மரக்கட்டை, எல்லா நிறமும் சுற்றிப் பருத்து, தானாக மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் மேல் சுற்றில் கறுப்பு நூல் ஏறியது. ஈரமான, மினுங்குகிற நூல். மேசையிலிருந்து கதிரை வரைக்கும் அது அந்தரத்தில் நேராக, ஒரு சின்னக் கோணல்கூட இல்லாமல், இழுபட்டு நின்றது.