சோத்துப் பானைக்கு மரியாதை

ரேடியோவைத் தூக்கி மணலில் போட்டு மிதிக்கலாமா என்று தெனிங்குக்கு ஆத்திரம் வந்தது. அது அம்மாவின் ரேடியோ. அதனால்தான் தப்பியது.

"நான் தனியாத்தான் மேல வந்தேன்," என்று ரேடியோவுக்குள்ளிருந்து அன்சு பேசிக்கொண்டிருந்தான். "எங்க தெருவுல ஒரு கம்பம், அதுல ஒரு இரும்பு வளையம். நான், என் பந்து. கூட யாரும் இல்ல."

மீன் சோற்றுத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்த வீட்டார் எல்லாரும் பெருமையாகத் தலையாட்டினார்கள். தெனிங் மட்டும் கையில் எடுத்த சோற்றைத் திரும்பத் தட்டிலேயே வைத்தாள்.

கூட யாரும் இல்லையாம்! அப்படியென்றால் அவன் எறிந்த பந்தெல்லாம் கால் முளைத்து அவன் கைக்குத் திரும்பி வந்ததா?

அன்சு அடுத்த வீட்டுக்காரன். இப்போது ஸ்பெயின் நாட்டில் சம்பளம் வாங்கிக் கூடைப்பந்து ஆடுகிறான். அவர்கள் ஊரான தியெஸ் நகரத்தில் அவனைத் தெரியாத ஆள் இல்லை. ஆனால் தெனிங்குக்கு ஆறு வயதாக இருந்தபோது அவன் வெறும் ஒல்லிப்பையன். பள்ளிக்கூடம் போகும் முன்னால், தினமும் காலையில், அந்த வளையத்தைப் பார்த்துப் பந்தை எறிந்துகொண்டே இருப்பான். பாதிப் பந்து தவறும். தவறிய பந்து ஒன்று தையல்காரர் வாசலுக்குப் போகும், இல்லையென்றால் ஆடு கட்டியிருக்கும் இடத்துக்குப் போகும், அதுவும் இல்லையென்றால் சாக்கடைக்குப் போகும்.

ஓடி ஓடி எடுத்து வந்தது தெனிங்தான். சாக்கடையில் விழுந்த பந்தைத் தன் பாவாடையில் துடைத்துக் கொடுப்பாள். அதற்கு அம்மாவிடம் வாங்கிய திட்டு கொஞ்சமா? அந்த ஆடு இரண்டு தடவை அவளை முட்டியிருக்கிறது. இப்படியே இரண்டு வருடம் ஓடியது. பிறகு ஒரு பயிற்சியாளர் அன்சுவைப் பார்த்து, ஊருக்கு வெளியே இருந்த விளையாட்டுப் பள்ளியில் சேர்த்துக்கொண்டார். அங்கே அவன் காலுக்குச் சரியான ஷூ கிடைத்தது. அங்கிருந்து ஸ்பெயினுக்குப் போனான்.

இப்போது லீவுக்கு வந்திருக்கிறான். சனிக்கிழமை பள்ளி மைதானத்தில் தெருப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறானாம். அதையும் அந்த ரேடியோவில்தான் சொன்னான். பையன்களுக்கு மட்டும். பெண் பிள்ளைகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தால் நன்றாக இருக்கும் என்றும் சொன்னான்.

தெனிங்குக்குக் காது சூடாகிவிட்டது.

சாயங்காலம் வேப்பமரத்தடிக்கு நேராகப் போனாள். அங்கே அன்சு தன் நண்பர்களோடு உட்கார்ந்து தேநீர் காய்ச்சிக்கொண்டிருந்தான். உட்கார்ந்திருந்தாலும் அவள் உயரம் இருந்தான்.

"டேய் சோத்துப் பானை, நீ ஒரு பொய்யன்," என்றாள். "ஊருக்கே கேக்குற மாதிரி பொய் சொல்லியிருக்க. உனக்கு வெக்கமா இல்ல?"

மரத்தடியே குலுங்கிச் சிரித்தது. ஒருவன் தேநீரைக் கொட்டிவிட்டான்.

சிரித்ததற்குக் காரணம் இருந்தது. தெனிங் வீட்டார் செரேர் இனத்தவர். அன்சு வீட்டார் ஜோலா இனத்தவர். இந்த இரண்டு இனத்தாருக்கும் நடுவில் இருப்பது கேலிச் சொந்தம். சின்னப் பிள்ளைகூடப் பெரியவரை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். கேட்டவர் கோபப்படக் கூடாது, பதிலுக்குக் கேலி செய்ய வேண்டும். ஜோலாக்கள் எப்போதும் சோறு சோறு என்று அலைபவர்கள் என்று செரேர்கள் சொல்வார்கள். செரேர்களுக்குக் கம்புத் தானியத்தைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது என்று ஜோலாக்கள் சொல்வார்கள். அன்சுவும் தெனிங்கும் இப்படித்தான் எப்போதும் பேசிக்கொள்வார்கள்.

"வா கம்பங்கஞ்சி," என்று அன்சு சந்தோஷமாகச் சொன்னான். "நாலு வருஷத்துல உன் வாய் மட்டும்தான் வளந்திருக்கு."

"நான் விளையாட்டுக்குச் சொல்லல. நெஜமாவே சொல்றேன்."

சிரிப்பு இன்னும் பெரிதானது. கேலி செய்பவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

தெனிங் வீட்டுக்கு வந்து தண்ணீர் வாளியை ஓர் உதை விட்டாள். கால்தான் வலித்தது. அழுகை அழுகையாக வந்தது. திட்டினாலும் சிரிக்கிறார்கள், கத்தினாலும் சிரிக்கிறார்கள். ஒரு செரேர் பெண்ணுக்கு ஜோலாக்காரன் மேல் உண்மையாகவே கோபம் வந்தால் அதை எப்படித்தான் சொல்வது?

கால் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டே வெகுநேரம் யோசித்தாள். கேலி செய்தால்தானே சிரிப்பார்கள் என்று தோன்றியது.

மறுநாள் காலை முகம் கழுவி, தலைவாரி, அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றாள். அன்சு வாயில் குச்சியை வைத்துப் பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"வணக்கம், குஜாபி ஐயா," என்று அவன் குடும்பப் பெயரைச் சொன்னாள். தலையைக் குனிந்துகொண்டாள். "ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா? வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?"

இதற்குப் பின்னால் ஒரு கேலி வரும் என்று அன்சு காத்திருந்தான். வரவில்லை.

"என்ன கம்பங்கஞ்சி, காய்ச்சலா?"

"இல்லீங்க ஐயா. நீங்க விசாரிச்சதுக்கு நன்றிங்க." அவள் போய்விட்டாள்.

அன்சு வாயில் குச்சியோடு அப்படியே நின்றான்.

பத்து மணிக்கு அவள் செருப்பு ஒன்றை எடுத்துக் கூரைமேல் வைத்தான். அவள் கோபப்படவில்லை. சிரமம் கொடுத்ததற்கு மன்னிக்க வேண்டும் என்று பணிவாகச் சொல்லிவிட்டு, ஒற்றைச் செருப்போடு நடந்து போனாள். சற்று நேரத்தில் அவனே செருப்பை எடுத்து அவள் வாசலில் வைத்துவிட்டுப் போனான். மத்தியானம் அவளைக் கம்பங்கொல்லைக் குருவி என்றான். அதற்கும் அவள் நன்றி சொன்னாள்.

மூன்று மணிக்கு அன்சுவின் அம்மாவே முகம் வாடி வந்து சேர்ந்தார். "நாங்க என்ன தப்பு பண்ணினோம்?" என்று தெனிங்கின் அம்மாவிடம் கேட்டார். "உங்க பொண்ணு எங்களுக்கு மரியாதை குடுக்குது. நாம என்ன, முன்னப்பின்ன தெரியாதவங்களா?"

அம்மா தெனிங்கைக் கூப்பிட்டு விசாரித்தாள். அன்சு பெரிய ஆட்டக்காரர் ஆகிவிட்டார், அவருக்கு மரியாதை கொடுப்பது தப்பா என்று தெனிங் கேட்டாள். மரியாதை கொடுத்ததற்காக மகளை எப்படித் திட்டுவது என்று தெரியாமல் அம்மா விழித்தாள்.

இருட்டும் நேரத்தில் அன்சு வந்தான். குனிய மறந்து வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டான். வேறு நாளாக இருந்தால் தெனிங் இதை வைத்தே ஒரு வாரம் ஓட்டியிருப்பாள். இன்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவன் அவளுக்கு எதிரே முற்றத்து மணலில் உட்கார்ந்தான்.

"தெனிங், என்னை ஒரு தடவ திட்டேன்."

"நேத்தே திட்டினேனுங்க. நீங்க சிரிச்சீங்க."

"அது… வழக்கமான கேலின்னு நெனச்சேன்."

அதற்குமேல் அவளால் மரியாதையைப் பிடித்து வைத்திருக்க முடியவில்லை.

"கூட யாரும் இல்லன்னு சொன்னியே, சாக்கடையில எறங்கினது யாரு? ஆடு முட்டினது யாரை? நான் யாரும் இல்லையா?"

நெற்றியைத் தேய்ப்பதை அன்சு நிறுத்திவிட்டான்.

"ரேடியோக்காரர் கேக்கும்போது, தனியா வந்தேன்னு சொன்னா பெரிசாத் தெரியும்னு தோணுச்சு," என்று சொன்னான். "உன்னை மறந்துட்டுச் சொல்லல. ஞாபகம் வெச்சுக்கிட்டேதான் சொன்னேன். அதுதான் தப்பு."

தெனிங்குக்குக் கோபம் இன்னும் அதிகமானது. ஆனால் இப்போது அவன் எதிரிலேயே கோபப்பட முடிந்தது. அவள் மனம் தீரத் திட்டினாள். அவன் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

"மன்னிச்சுக்க," என்றான்.

"பாக்கலாம். நாளைக்கு நான் எறியறேன், நீ எடுத்துட்டு வா. மைதானத்துல இல்ல. நம்ம கம்பத்துல."

சனிக்கிழமை காலை புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்த பையன்களை அன்சு மைதானத்துக்குக் கூட்டிப்போகவில்லை. தெருக் கம்பத்துக்குக் கூட்டிவந்தான். ரேடியோக்காரரும் மைக்கோடு பின்னாலேயே வந்தார். தண்ணீர்க் குடத்தோடு நின்ற பெண் பிள்ளைகளையும் முன்னால் வரச் சொன்னான்.

தெனிங் எறிந்தாள். பந்து வளையத்தில் பட்டுத் தையல்காரர் வாசலுக்குப் போனது. ஸ்பெயினில் ஆடும் ஆட்டக்காரன் அதன் பின்னால் ஓடினான். அடுத்தது ஆட்டிடம் போனது. அந்தக் கிழட்டு ஆடு இன்னும் உயிரோடுதான் இருந்தது. அன்சுவின் முழங்காலில் அது ஒரு முட்டு வைத்தது. மூன்றாவது பந்து வளையத்துக்குள் விழுந்தபோது தெருவே கைதட்டியது. அதன் பிறகும் பல பந்துகள் நாலா பக்கமும் சிதறின.

"என்ன நடக்குது இங்க?" என்று ரேடியோக்காரர் மைக்கை நீட்டினார்.

அன்சுவுக்கு மூச்சு வாங்கியது. "அன்னிக்கு நான் சொன்னது பொய்ங்க. நான் எறிஞ்சேன், பந்தை எடுத்துக் குடுத்தது இவ. ஆறு வயசுலேருந்து, ரெண்டு வருஷம். இன்னிக்கு இவளும் இந்தப் பொண்ணுங்களும் என்கிட்ட பயிற்சி எடுப்பாங்க. தண்ணி நான் கொண்டுவரேன்."

ஒவ்வொரு வீட்டு ரேடியோவிலும் அது கேட்டது. தெனிங்கின் அம்மா சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

தெனிங்குக்குக் கோபம் போய்விட்டதா? பெரும்பாலும் போய்விட்டது. கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது.

அடுத்த பந்தை அவள் நன்றாகக் குறி பார்த்து எறிந்தாள். அது வளையத்தின் பக்கமே போகவில்லை. நேராகச் சாக்கடைக்குள் போய் விழுந்தது.

அன்சு தன் வெள்ளை ஷூவைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"ஓடு, சோத்துப் பானை," என்றாள் தெனிங். "துடைச்சு எடுத்துட்டு வா."