தவிட்டுக்கு விற்ற பிள்ளை

கொடியிலிருந்து எடுத்த பத்மாவின் கவுன் அட்டை மாதிரி விறைத்திருந்தது. பிரேமலதா உதறினாள். வெள்ளைப் பொடி உதிர்ந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தாள், உப்பு. திருப்பதி போர் தண்ணீர் உப்புதான், அதற்காக இவ்வளவா? மற்றத் துணியெல்லாம் நன்றாக இருக்க, குழந்தை துணிக்கு மட்டும் என்ன கேடு? கருவாட்டுக் கூடையும் நனைந்த கயிறும் சேர்ந்தாற்போல் ஒரு வாடை வேறு அதிலிருந்து வந்தது.

கொல்லையில் துவைக்கிற கல் ஈரமாய் மின்னியது. காலையிலிருந்து யாரும் அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை.

போன வெள்ளிக்கிழமை பத்மாவைக் கிடத்தியது அந்தக் கல்லின்மேல்தான். முதல் இரண்டு பிள்ளைகளும் தொட்டிலிலேயே போய்விட்டன. மூன்று வயது வரை தங்கிய இவளும் காய்ச்சலில் கண்ணைச் செருகியபோது பிரேமலதாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஊர் வழக்கப்படி பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றுவிட்டால் எமனுக்கு அடையாளம் தெரியாது. வாங்குகிற பக்கத்து வீட்டு லட்சுமம்மா, 'என் பிள்ளைய நீ வளத்துக்கினு இரு' என்று சொல்லித் திருப்பித் தந்துவிடுவாள். ஆனால் அவள் திருமலைக்கு வேலைக்குப் போயிருந்தாள். காத்திருக்கப் பயந்து, பிரேமலதா கல்லின்மேல் தவிட்டைக் கொட்டி, "உனக்கு வித்துட்டேன்" என்று சொல்லி, குழந்தையைக் கிடத்தித் தவிட்டை அள்ளிக்கொண்டாள். காய்ச்சல் அந்த நிமிஷமே இறங்கியது. எவ்வளவு சந்தோஷப்பட்டாள், பாவி!

திருப்பித் தருகிற வார்த்தையைத்தான் யாரும் சொல்லவில்லை.

லாரியில் லோடு போயிருந்த புருஷனுக்குப் போன் போட்டாள். "அந்தக் கல்ல எங்கருந்து எத்துக்கினு வந்த?"

"பழவேற்காட்டுக் கோட்டைலருந்துதான்" என்றான் தேவேந்திரன். "தொடாதன்னாங்க மீன்காரங்க. அந்தக் காலத்துப் பஞ்சத்துல டச்சுக்காரன் நம்ம ஜனங்கள ஒரு படி அரிசிக்கும் தவிட்டுக்கும் வாங்கி, அந்தக் கல்லு மேல நிக்க வெச்சி, பல்லப் பாத்து அடிமையா கப்பல்ல ஏத்துவானாம். ஒருத்தரும் திரும்பலயாம். சும்மா கதை உட்றாங்க. ஏன், கல்லு ஒடஞ்சிட்ச்சா?"

போனைக் கீழே போட்டாள். முறத்தில் தவிட்டை வாரிக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். இருட்டத் தொடங்கியிருந்தது. வேலிக்கு அந்தப்புறம் மண் சாலையும் மாந்தோப்பும்தான், ஆனாலும் அங்கிருந்து அலை வந்து புரள்கிற ஓசையும், பலகை முனகலும், எங்கோ ஆழத்தில் பலபேர் ஒன்றாக இருமுகிற சத்தமும் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தன.

"இந்தா உன் தவுடு. என் கொழந்தைய எனக்கே குட்துடு." கல்லில் கொட்டினாள்.

ஈரக் கல்லில் ஒரு துளித் தவிடுகூட ஒட்டவில்லை. அவ்வளவும் சரிந்து தரையில் விழுந்தது. மறுபடி அள்ளிக் கொட்டினாள். மறுபடி சரிந்தது. "நான் பெத்தவ! நான் கேக்கறேன்!" என்று கத்தினாள்.

"அம்மா, எல்லாரும் வரிசையா நிக்கறாங்க."

பத்மா கொல்லை வாசற்படியில் நின்றிருந்தாள். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து வந்தாள், கணுக்காலில் என்னவோ கனக்கிறாற்போல். பிரேமலதா அவளை வாரித் தூக்கப் போனாள். முடியவில்லை. மூன்று வயதுப் பிள்ளை. தரையோடு ஆணி அறைந்தாற்போல் இருந்தது.

கையைப் பிடித்தாள். ஈரம். வழுக்கியது. மறுபடி பிடித்தாள்.

குழந்தை கல்லின்மேல் ஏறி நின்றது. யாரோ மோவாயைப் பிடித்துத் தூக்கினாற்போல் முகம் நிமிர்ந்தது. வாய் திறந்தது. அகலமாக. இன்னும் அகலமாக. பால் பற்கள் தெரிந்தன. கைகள் இரண்டும் தாமாக உயர்ந்தன. மெல்ல ஒரு சுற்றுத் திரும்பினாள். முதுகைக் காட்டினாள்.

"பத்மா! அம்மாவப் பாரும்மா!"

அவள் பார்க்கவில்லை.

அலை ஓசை நின்றது. கல்லின்மேல் யாரும் இல்லை. இரண்டு சின்னக் காலடிகள் மட்டும், வெள்ளை உப்பாக.

பிரேமலதாவின் காலடியில் கிடந்த வெறும் முறத்தில் ஒரு பிடி தவிடு வந்து விழுந்தது.