ஈரச்சேலைக்கு ஒரு மகள்

கேமுக்குள் நிற்க வேண்டியவள் அங்கே இல்லை.

சிவசங்கரி முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கார்த்திகை மழை விட்டு விட்டுக் கொட்டிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், முத்தியால்பேட்டை மாடி போர்ஷனின் முன்னறையில், ஜன்னலைச் சாத்திவிட்டு அடுத்த வீடியோவுக்காகக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். வழக்கம்போல் கேமில் வரும் அந்தப் பழைய வீட்டின் இருண்ட நடை வழியாகத் தன் ஆளை நடத்திக்கொண்டு போனாள். நடை முடிகிற இடத்தில் ஒரு வாசல் நிலை. நிலைக்கு அந்தப் பக்கம், முதுகைக் காட்டியபடி, சொட்டச் சொட்ட நனைந்த சேலையோடு ஒருத்தி நிற்பாள். எந்நேரம் போனாலும் நிற்பாள். இன்றைக்கு நிலை இருந்தது, தரையில் தேங்கிய தண்ணீர் இருந்தது, அவள் மட்டும் இல்லை.

அந்த கேமுக்கு 'மறுவாசல்' என்று பேர். யாரோ இரண்டு பேர் சேர்ந்து செய்து வெளியிட்டுவிட்டு, அப்புறம் ஆளே காணாமல் போய்விட்டார்கள். அதில் வரும் அந்தப் பெண்ணுக்குப் பேர் கிடையாது, பேச்சு கிடையாது, முகம்கூடக் கிடையாது. ஒன்றுமே சொல்லாமல் நிற்கிறவளைப் பற்றித்தானே ஜனங்கள் ஓயாமல் பேசுவார்கள்! ஈரச்சேலை என்று அவர்களே ஒரு பேரை வைத்துக்கொண்டு, அவளுடைய பழைய கதை இதுதான், அதுதான் என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள். புருஷன் கிணற்றில் தள்ளிவிட்டான் என்றார் ஒருவர். இல்லை, புயலில் போனவள் என்றார் இன்னொருவர். மூலையில் கிடக்கும் செருப்பு, சுவரில் தொங்கும் காலண்டர், எதையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. படத்தை நிறுத்தி, பெரிதாக்கி, சிவப்பு வட்டம் போட்டு, இதோ ஆதாரம் என்பார்கள். அப்படிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவளே சிவசங்கரிதான். அவள் சேனலில் எல்லோருக்கும் அவள் தியரி அக்கா.

ஈரச்சேலை ஏன் வாசலைத் தாண்டி உள்ளே வருவதே இல்லை என்ற கேள்விக்கு, வேறு யாருக்கும் தோன்றாத ஒரு பதிலை அவள்தான் கண்டுபிடித்தாள். பாகூர்ப் பக்கம் விவசாயக் குடும்பங்களில் பூவாடைக்காரி என்று ஒரு வழிபாடு உண்டு. பூவும் பொட்டுமாகச் செத்துப்போன அந்த வீட்டுப் பெண்ணைத் தெய்வமாக்கிக் கும்பிடுவார்கள். வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் குளத்தங்கரைக்குப் போய், சொம்பில் தண்ணீர் மொண்டு ஜோடித்து, பேர் சொல்லி அழைத்து, அவளை வீட்டுக்குக் கூட்டிவந்து புதுச்சேலை வைத்துப் படைப்பார்கள். சிவசங்கரி வாழ்க்கைப்பட்ட வீட்டிலும் அந்த வழக்கம் இருந்தது. 'ஈரச்சேலை ஒரு பூவாடைக்காரி. வயிற்றில் பெண் குழந்தையோடு தண்ணீரில் போனவள். உள்ளே வா என்று கூப்பிட அந்த வீட்டில் யாரும் இல்லை. அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்த மகள்தான். மகள் வந்து கூப்பிட்டால் வருவாள்' என்று சொல்லி முடித்தபோது, தன் மூளையை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது.

அதோடு நிறுத்தினாளா? இல்லை. வீடியோ எடுப்பாக இருக்கட்டும் என்று, மொட்டைமாடித் தொட்டியில் மொண்ட தண்ணீரைப் பித்தளைச் சொம்பில் ஊற்றி, மஞ்சள் பூசி, பூச்சுற்றி, தன் மகள் வெண்பாவின் கையில் கொடுத்து வாசலில் நிறுத்தினாள். கோயில் கோயிலாக ஏறி இறங்கி, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து, இனி இல்லை என்று எல்லோரும் கைவிட்ட பிறகு பிறந்த ஒற்றைப் பிள்ளை அவள். இப்போதுதான் ஒன்றாவது படிக்கிறாள். "உன் பொண்ணு வந்திருக்கேன். உள்ள வாம்மா" என்று அந்தக் குழந்தை காற்றைப் பார்த்துக் கூப்பிட்டபோது, பார்த்தவர்களுக்கெல்லாம் புல்லரித்துவிட்டது. இதைவிடப் பொருத்தமான கதை கிடையாது என்று கமெண்டில் எல்லோரும் ஒரே குரலாகச் சொல்லிவிட்டார்கள்.

இப்போது வாசல் காலியாகக் கிடந்தது. கேமை மூடித் திறந்தாள். அழித்துவிட்டு மறுபடி ஏற்றினாள். காலிதான். சேனல் ஆட்கள் இருக்கும் குரூப்பில், 'உங்க கேம்ல ஈரச்சேலை இருக்காளா?' என்று கேட்டாள். 'இருக்காங்க அக்கா', 'இங்க நிக்கிறாங்களே' என்று படம் பிடித்துப் போட்டார்கள். நெல்லித்தோப்பு வெற்றிச்செல்வன் மட்டும், 'நீங்கதான வரச் சொன்னீங்க, வந்துட்டாங்க போல. ஒரு காபி போட்டுக் குடுங்க' என்று எழுதியிருந்தான். சிவசங்கரி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

வீட்டுக்குள் துணி பிழிகிற சத்தம் கேட்டது.

மழைச் சத்தத்துக்கு அடியில், நிதானமாக, கனமான சேலையை முறுக்கி முறுக்கிப் பிழிவதும், தண்ணீர் சளசளவென்று சிமெண்டில் கொட்டுவதும், பிறகு ஒரு உதறலும். கீழ்வீட்டு மணியம்மாள் அக்கா துவைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். இந்த மழையில் யாராவது துவைப்பார்களா என்றும் தோன்றியது. புருஷன் இளம்பரிதி கம்பெனியில் இரண்டாவது ஷிப்டுக்குப் போயிருந்தான், வர நேரமாகும். கூடவே ஒரு வாடை. மஞ்சளும், பாசி பிடித்த கிணற்றுச் சுவரும், நாள்பட்ட ஈரத்துணியும் கலந்த வாடை. அது எங்கிருந்தும் வீசவில்லை, வீட்டிலேயே இருந்தது.

போன் அடித்தபோது தூக்கிவாரிப் போட்டது. பாகூரிலிருந்து நாத்தனார் அன்புசெல்வி.

"அண்ணி, எதுல வெளாடறதுன்னு ஒரு வெவஸ்தை வேணாமா உங்களுக்கு? இப்பதான் அந்த வீடியோவப் பாத்தேன்."

"அது சும்மா கேமுக்கு அன்பு. கதை."

"நல்லா இருக்குது போங்க! எங்க வூட்டு வழக்கத்த எடுத்து, எங்க வூட்டுப் புள்ளைய வுட்டு, பேரு தெரியாத ஒருத்திய உள்ள வான்னு கூப்புட்டிருக்கீங்க. நாங்க பேரச் சொல்லித்தான் கூப்புடுவோம். பேரச் சொல்லித்தான் திருப்பியும் அனுப்புவோம். இவள என்னன்னு சொல்லி அனுப்புவீங்க?"

"யாரு வந்துட்டான்னு அனுப்பறதுக்கு?" என்றாள் சிவசங்கரி. குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

அன்புசெல்வியின் குரல் தாழ்ந்தது. "அண்ணி, உங்க வூட்ல வேற யாரு இருக்காங்க? துணி பிழியற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது."

"யாருமில்ல."

"வந்தவ கேக்கறதக் குடுத்துதான் ஆவணும் அண்ணி. அவளுக்கு என்னா வேணும்ன்றதையும் நீங்களே சொல்லித் தொலச்சிட்டீங்களே. புள்ளைய மடியிலயே வச்சிக்கோங்க, நான் அண்ணனுக்குப் போன் பண்றேன்."

சிவசங்கரி உள்ளறைக்கு ஓடினாள். அப்பாடா, வெண்பா இருந்தாள். தரையில் குப்புறப் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். வாரி எடுத்து அணைத்த பிறகுதான் கையில் ஈரம் பட்டது. குழந்தையின் தலை தொப்பலாக நனைந்திருந்தது. எண்ணெய் வைத்து, நடுவகிடு எடுத்து, இழுத்து இழுத்து இறுக்கமாக ரெட்டைப் பின்னல் போட்டிருந்தது. காலையில் அவள் போட்டுவிட்டது குதிரைவால்.

"யாரு கண்ணு தலை பின்னுனது?"

"அம்மா."

"நான் எப்பம்மா பின்னுனேன்?"

வெண்பா அம்மாவின் முகத்தைக் கொஞ்சநேரம் ஆராய்வதுபோல் பார்த்துவிட்டு, நெளிந்து இறங்கி மறுபடியும் கலர் பென்சிலை எடுத்துக்கொண்டாள்.

பயத்திலும் சிவசங்கரிக்கு மூளை வேலை செய்தது. கதையைச் சொன்னது நான். மாற்றவும் என்னால் முடியும். மகள் இல்லை என்று சொல்லிவிட்டால் அவள் கேட்பதற்கு என்ன இருக்கிறது? வெண்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து பக்கத்தில் உட்காரவைத்து, உள்ளேயிருந்து வாசல் கதவுக்கும் தாழ்ப்பாள் போட்டு, சேனலில் லைவை ஓடவிட்டாள்.

"எல்லாருக்கும் வணக்கம். போன வீடியோல நான் சொன்னது தப்பு. ஈரச்சேலைக்குப் பொண்ணு கிடையாது. குழந்தையே கிடையாது. நானா கட்டிவிட்ட கதை அது. அவளுக்கு யாரும் வேணாம். தயவுசெஞ்சு நம்பாதீங்க."

கமெண்டுகள் மேலேறின. 'ஏன் அக்கா அழறீங்க?' 'யாரோ மிரட்டி சொல்ல வெக்கிறாங்க.' 'மறைச்சா அதுதான் ஆதாரம்னு நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க.' ஒருவன் பழைய வீடியோவை நிறுத்திப் படம் எடுத்து, வெண்பா சொம்பைப் பிடித்திருக்கும் இடத்தில் சிவப்பு வட்டம் போட்டிருந்தான். சொம்பின் அடியில், குழந்தையின் இரண்டு கைகளுக்கும் கீழே, மூன்றாவதாக ஒரு கை தாங்கியிருந்தது. எடுக்கும்போது அது இல்லை. சத்தியமாக இல்லை.

அப்புறம்தான் அந்த கமெண்ட் வந்தது. யாரோ புதிய ஆள். 'பொண்ணு இருக்கு. இந்த அக்கா எடுத்து வச்சிருக்காங்க. அதான் இப்ப இல்லன்னு சொல்றாங்க. பெத்தவ ஈரச்சேலை.'

அடடா, என்ன ஒரு தியரி! லைக்குகள் குவிந்தன. எல்லாம் பொருந்துகிறதே என்றார்கள். இதை எப்படி இத்தனை நாள் பார்க்காமல் விட்டோம் என்றார்கள். வாசலில் நின்று அவள் காத்துக்கொண்டிருந்தது யாருக்காக என்று இப்போதுதான் புரிகிறது என்றார்கள். சிவசங்கரிக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "எம்பொண்ணுடா! பத்து மாசம் சுமந்து பெத்தவடா நான்!" என்று கத்திக்கொண்டே, போனில் தேடி, பிரசவத்தன்று ஆஸ்பத்திரியில் எடுத்த போட்டோவைக் கேமராவுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

'பாத்தீங்களா' என்று வந்தது ஒரு கமெண்ட். 'நாங்க சொல்லல?' என்று அடுத்தது.

போட்டோவைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். அதே ஆஸ்பத்திரிக் கட்டில். அதே பச்சைத் துணியில் சுற்றிய குழந்தை. ஏந்தியிருந்த கைகள் அவளுடையவை அல்ல. கட்டில் முழுக்கத் தண்ணீர். முதுகைக் காட்டி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

கரண்ட் போனது.

மழை ஓட்டுச்சார்ப்பில் அறைந்தது. இருட்டில் பக்கத்தில் கையை நீட்டித் துழாவினாள். நாற்காலி வெறுமையாக இருந்தது. நனைந்திருந்தது.

"வெண்பா!"

துணி பிழிகிற சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்தது. இப்போது வேறொன்று. சமையற்கட்டில் பாத்திரத்தின் மூடியைத் திறக்கிறார்கள். கரண்டி. தட்டு தரையில் வைக்கப்படுகிறது.

"அம்மா..." என்று வெண்பாவின் குரல், சமையற்கட்டிலிருந்து.

உயிர் வந்தது அவளுக்கு. "இதோ வந்துட்டேன்டா செல்லம்!"

"உங்கள இல்ல."

பேச ஆரம்பித்த நாளிலிருந்து வெண்பா அவளை நீ என்றுதான் கூப்பிடுவாள். அந்த மரியாதை சிவசங்கரியின் நெஞ்சில் ஏறி மிதித்தது. போன் டார்ச்சைப் போட்டாள். வெளிச்சம் சுவரெங்கும் ஆடியது. தரையில் தண்ணீர். வாசல் தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. தண்ணீர் அங்கிருந்து உள்ளே வந்திருந்தது. ஒரு ஈரக் காலடி. இன்னொரு அடி. நாற்காலியருகிலிருந்து சின்னப் பாதம் ஒன்று கூடவே.

ஓடிவிடு என்று ஒரு நினைப்பு. பிள்ளையை விட்டுவிட்டா? சுவரைப் பிடித்துக்கொண்டே போனாள். வாடை குமட்டியது.

சமையற்கட்டு. வெண்பா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே சோற்றுத் தட்டு. அதற்கு அப்பால் டார்ச் வெளிச்சம் போகவில்லை. நேராக அடித்துப் பார்த்தாள். போகவில்லை. இருட்டுக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் நீண்டிருந்தது. ஊறிச் சுருங்கி வெளுத்த விரல்கள். கண்ணாடி வளையல்களுக்கு நடுவே அடைத்துக் கிடந்த சேறு. விரல் நுனியில் ஒரு கவளம் சோறு, தண்ணீர் சொட்டிக்கொண்டு.

"வெண்பா. அம்மாகிட்ட வந்துடு. எழுந்துருடா கண்ணு. வா."

குழந்தை திரும்பிப் பார்த்தது. டார்ச் வெளிச்சத்தில் கண் கூசியது. அந்தக் கண்ணில் இருந்தது பயம். முன்பின் தெரியாத யாரோ வீட்டுக்குள் புகுந்துவிட்டதைப் பார்க்கிற பயம். உதடு பிதுங்கி, பின்னுக்கு நகர்ந்து, இருட்டோடு ஒட்டிக்கொண்டது.

"அம்மா, யாரும்மா இவங்க?"

"நான்தாண்டி! நான்தாண்டி உங்கம்மா!"

இருட்டிலிருந்து இன்னொரு கை வந்தது. வெண்பாவின் தலையை மெதுவாகத் தடவிக்கொடுத்தது. வகிட்டைச் சரிசெய்தது. கன்னத்தில் வழிந்த கண்ணீரைத் துடைத்துவிட்டது.

வெண்பா பயம் தெளிந்து, அந்த ஈர மடியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, வாயைத் திறந்தாள்.