கடவுச்சொல் கேட்கும் அறை

சாய்ந்தமருதில், கடற்கரைப் பக்கமாக ஒடுங்கிப் போகும் ஓர் ஒழுங்கையில் அந்த வீடு இருந்தது. முன்பாதி நிவாரண அலுவலகம், பின்பாதி அஸீஸா குடியிருந்த இடம். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மாரியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, சுல்பிகா குடையை மடக்கிக்கொண்டு வழக்கம்போல முன்னறைக்குள் நுழைந்தாள்.

"இண்டையிலிருந்து நீங்க உள்ளுக்க இரிங்க புள்ள," என்றார் முகாமையாளர் பக்கீர் முகைதீன். "இது ஆம்புளையள் வந்து போற இடம். அஸீஸாட கொம்பியூட்டர் சும்மாதானே கிடக்கு."

"ராத்தா செத்த அந்த அறையிலயா சேர்?"

"மௌத்தான ஆள் வந்து கடிக்கவா போகுது?" சிரித்தார். "ஹெட் ஒபிஸ் கனகரெத்தினம் ஐயா ஜும்ஆவுக்குப் பொறகு அறிக்கை எடுக்க வாறார். திருத்தி வைங்க. அது ஒழுங்காப் போனா உங்கட நியமனத்துக்கு நான் கையொப்பம் வைக்கிறன். போகாட்டி வேற ஆள்தான்."

மாப்பிள்ளை வீட்டார் கேட்ட சீதன வீட்டின் சுவர் முழங்கால் உயரத்தில் மழையில் நனைந்துகொண்டிருந்தது. சம்பளம் இல்லையென்றால் சுவர் உயராது. சுவர் உயராவிட்டால் கல்யாணமும் இல்லை. சுல்பிகா உள்ளே போனாள்.

அந்த அலுவலகத்தில் முதலில் கணினி வேலை பார்த்தவள் அஸீஸாதான். புருஷன் வரிப்பத்தான்சேனை வயலுக்குப் போய் மையித்தாகத் தூக்கி வரப்பட்டதும், விதவைக்குரிய நாலு மாதம் பத்து நாள் இத்தாவை அவள் இருந்தாள். அந்தக் காலம் முடியும்வரை அந்நிய ஆண்களின் கண்ணில் படக்கூடாது. வேலையை விட்டால் அடுப்பு எரியாது. அதனால் பக்கீர் முகைதீன் உள்ளறையில் இன்னொரு கணினியை வைத்து, சுவரைத் துளைத்து வயர் இழுத்துக் கொடுத்தார். முன்னறைக் கணினியில் ஒரு பொதுக் கோப்புறை. அஸீஸா உள்ளே இருந்தபடியே அதைத் திறந்து கடிதங்களை அடித்து வைப்பாள். முன்னறைக்குத் தற்காலிகமாக வந்தவள் சுல்பிகா. இத்தா முடிந்தால் அவள் போய்விட வேண்டும்.

முடியப் போகிற நேரத்தில் சுல்பிகா அந்தக் கோப்புறைக்கு ஒரு கடவுச்சொல் போட்டாள். ஒருவருக்கும் சொல்லவில்லை. முன்னறையில் இருந்து திறப்பவரிடம் அது எதுவும் கேட்காது. வயர் வழியாக வருபவரிடம் மட்டும் கேட்கும்.

அஸீஸா சுவரில் தட்டுவாள். "தங்கச்சி, என்னமோ பாஸ்வேர்ட் கேக்குதுகா. உள்ளுக்குப் போக ஏலாமக் கிடக்கு."

"இஞ்ச எல்லாம் சரி ராத்தா. உங்கட பக்கந்தான் பிழை. வயரைக் கழட்டிப் பூட்டிப் பாருங்க."

கழற்றிப் பூட்டினாள். அணைத்துப் போட்டாள். நாள் முழுக்க அதே வேலை. கடிதங்கள் வராததைப் பார்த்து, கவலையில் அவளுக்கு மூளை கலங்கிவிட்டது என்றார் பக்கீர் முகைதீன். ஓர் அடைமழை நாளில், சுவரெல்லாம் ஊறியிருந்த வேளை, அவள் மறுபடி தட்டினாள். சுல்பிகாவுக்குச் சலித்துப் போயிற்று.

"பின்னால கைய விட்டு பிளக்கை நல்லா அழுத்துங்க ராத்தா."

ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு தட்டல் இல்லை.

இப்போது எரிந்த பிளக்கை மாற்றியிருந்தார்கள். ஊறிய சுண்ணாம்பு வாசனையும், அதற்கு அடியில் கருகிய வயர் வாசனையும் அறையில் நின்றன. கையால் திருத்திய தாள்கள் சுல்பிகாவிடம் வந்து சேர்ந்தபோது பள்ளிவாசலில் பாங்கு சொல்லிவிட்டார்கள். பக்கீர் முகைதீன் முன்னறையைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு போனார். ஒழுங்கையில் ஆள் நடமாட்டம் அடங்கியது. ஓட்டிலிருந்து மழைநீர் சொட்டியது.

அவள் கோப்புறையைத் திறந்தாள். கடவுச்சொல் கேட்கும் பெட்டி வந்தது. தான் போட்ட கடவுச்சொல்லை அடித்தாள்.

பிழை என்றது.

மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள். பிழை. கணினியை அணைத்துப் போட்டாள். வயரைக் கழற்றிப் பூட்டினாள். மறுபடியும் அதே பெட்டி.

முன்னறையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

சுல்பிகாவின் கை நின்றது. சத்தமும் நின்றது.

"சேர்?"

வயர் போகும் துளையைச் சுற்றி முன்னறை வெளிச்சம் மெல்லிய வளையமாகத் தெரிந்துகொண்டிருந்தது. அது மறைந்தது. யாரோ அந்தப் பக்கம் வந்து நின்றதுபோல.

டொக், டொக்.

"தங்கச்சி." குரல் அமைதியாக இருந்தது. கோபம் அதில் துளியும் இல்லை. "இஞ்ச எல்லாம் சரி. உங்கட பக்கந்தான் பிழை. பின்னால கைய விட்டுப் பாருங்க."

அவள் கைகள் இரண்டையும் தொடைகளுக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்தாள். ஓதத் தொடங்கினாள், பாதியில் மறந்துபோயிற்று.

"அழுத்துங்க தங்கச்சி."

தொழுகை முடிந்து ஆண்கள் திரும்பி வரும்வரை அவள் அசையவில்லை.

"இன்னும் முடியலயா?" வாசலில் நின்று கேட்டார் பக்கீர் முகைதீன்.

"போல்டர் திறக்குதில்ல சேர். பாஸ்வேர்ட் கேக்குது."

"என்ன பாஸ்வேர்ட்? ஆர் போட்டது?"

சுல்பிகா வாயைத் திறந்தாள். யார் என்று சொன்னால், எப்போது என்று கேட்பார். எப்போது என்று சொன்னால், அஸீஸா எதற்காகப் பிளக்கில் கை வைத்தாள் என்பதும் தெரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டாள்.

அவர் உள்ளறைக் கணினியின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டார். அறைக் கதவைச் சாத்தினார். அவளை முன்னால் நடக்க விட்டு வந்து, முன்னறைப் பூட்டைத் திறந்து, தன் நாற்காலியில் உட்கார்ந்து ஒரே தட்டில் கோப்புறையைத் திறந்தார்.

"திறந்துதானே கிடக்கு!"

அறிக்கைக்காக வந்து காத்திருந்த கனகரெத்தினம் கடிகாரத்தைப் பார்த்தார். "அந்த அஸீஸாப் புள்ள இருந்திருந்தா இவ்வளவு நேரம் மினக்கெட மாட்டம் சேர்."

"அந்த அறைக்க போறவளுக்கெல்லாம் மூளை கலங்குது," என்றார் பக்கீர் முகைதீன், திரையிலிருந்து கண் எடுக்காமல். ஒற்றை விரலால் திருத்தங்களை அடித்துக்கொண்டிருந்தார். "நீங்க நாளைக்கு வர வேணாம் புள்ள. வேற ஆள் பாக்கிறன்."

சுல்பிகா சுவரோரமாக நின்றாள். முழங்கால் உயரச் சுவர்தான் கண்ணுக்குள் வந்தது. இனி அதில் புல் முளைக்கும்.

அப்போது சாத்திய அறைக்குள் இருந்து யாரோ சுவரில் தட்டினார்கள்.

"சேர், இப்ப திறக்குதா?"

எத்தனையோ மாதப் பழக்கம். பக்கீர் முகைதீன் தலை நிமிராமலே சொன்னார்.

"ஓம் அஸீஸா, திறக்குது."

சொல்லி முடித்ததும் அவருடைய விரல் அழுத்திய விசையை விட்டு எழவில்லை. திரை முழுக்க ஒரே எழுத்து ஓடிக்கொண்டிருந்தது.